சுட்ட கருவாடும் சிறுபாணாற்றுப்படையும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களிடம் 'சிறுபாணாற்றுப்படையில் விருந்தோம்பல்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தேன். வழக்கம்போல் பாதிப்பேர் உரைநூலைப் பார்த்து எழுதியிருந்தார்கள். மீதிப்பேர் அவர்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள். மரக்காணத்துப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த மாணவி ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: 'எயிற்பட்டினத்தில் பாணர்களுக்குக் கள்ளும் சுட்ட கருவாடும் கொடுப்பார்கள். கருவாட்டை எரிகிற தீயில் வைக்கக் கூடாது. தீ அடங்கித் தணலான பிறகு வைத்து, இரண்டு பக்கமும் திருப்பி, வாசனை வந்ததும் எடுத்துத் தட்டிச் சாம்பலை உதறிவிட்டுக் கொடுக்க வேண்டும்.'

நான் 'சுட்ட கருவாடு' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'வறற்குழல் சூடு என எழுதுக. கொச்சை தவிர்க்க' என்று குறித்தேன். சமையல் வரிகளின் குறுக்கே ஒரு கோடு கிழித்துத் 'தேவையற்றது' என்றேன். பத்துக்கு ஆறு மதிப்பெண்.

அந்த ஆறு இன்றும் உறுத்துகிறது. வறல் என்றால் உலர்ந்தது. குழல் ஒருவகை மீன். சூடு என்றால் சுடப்பட்டது. உலர்ந்த மீனைச் சுட்டால் வருவது சுட்ட கருவாடு அல்லாமல் வேறென்ன? பதவுரையைத் துல்லியமாக எழுதிய ஒரே மாணவியை நான் கொச்சை என்று அடித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றியது.

*

சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். ஓய்மாநாடு என்பது ஏறத்தாழ இன்றைய திண்டிவனமும் அதன் சுற்றுப்புறமும். அப்பெயர் சோழர் காலக் கல்வெட்டுகள் வரையில் வழங்கியது. பாட்டு நல்லியக்கோடனைக் கிடங்கிலின் கோமான் என்கிறது. அந்தக் கிடங்கில்தான் இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே ஒரு பகுதியாக இருக்கிறது. நாள்தோறும் அதைக் கடந்து பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாம் பத்துப்பாட்டுக்குள் போய்வருகிறோம் என்று தெரியும்?

பாணன் போகும் வழியில் வரும் ஊர்கள் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரைத் திண்டிவனத்தை அடுத்த உப்புவேலூர் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளுஸ் நூலில் பொதுகே என்ற துறைமுகத்துக்கு அடுத்து சோபத்மா என்று ஒரு துறைமுகம் வருகிறது. சோ என்றாலும் எயில் என்றாலும் மதில்தான். சோபட்டினமே எயிற்பட்டினம் என்று சொல்வோர் இதைக்கொண்டே சொல்கிறார்கள். பொதுகே அரிக்கமேடு என்பது பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டதால், அதை ஒட்டிய மரக்காணம் பொருந்தித்தான் வருகிறது.

இந்த வழியில் பாணனுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதை நத்தத்தனார் ஊர் ஊராகச் சொல்கிறார். எயிற்பட்டினத்துக் கடற்கரையில் அலை கொண்டுவந்து தள்ளிய மணக்கும் மரக்கட்டைகள் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்தால் ஒட்டகங்கள் படுத்து உறங்குவது போலிருக்கிறதாம். மரக்காணத்துக் கடற்கரையில் ஒட்டகத்தைக் கற்பனை செய்த அந்த மனத்தை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். அவர் ஒட்டகத்தைக் கண்ணால் கண்டவராகத்தான் இருக்க வேண்டும்; கேள்விப்பட்டு எழுதியவருக்கு அது படுத்திருக்கும் தோற்றம் உவமையாக வராது. அந்தக் கட்டைகளை விறகாக்கி, கறுத்த புகையோடு சிவந்த தீயை மூட்டுகிறாள் ஒரு நுளையர் மகள். அவள் அரித்தெடுத்த பழைய கள்ளைப் பரதவர் பாணருக்கு ஊட்டுகிறார்கள். உடன் தொட்டுக்கொள்ள மேற்சொன்ன சுட்ட கருவாடு, ஒரு வீட்டில் அல்ல, ஒவ்வொரு வீட்டிலும்.

அடுத்து வேலூர். அங்கே எயினர் குடிப் பெண்கள் சமைத்த புளி சேர்ந்த சுடுசோறு; அதனோடு ஆமான் சூடு, அதாவது காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சி. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டிலிருந்து வந்தது. திந்திரிணி என்பது புளிக்கு வடமொழிப் பெயர். புளியங்காட்டுக்கு அருகே புளிச்சோறு என்பது வெறும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் சுட்ட இறைச்சிக்குப் புளிப்பு வேண்டும் என்பது அடுப்பறிந்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு. கொழுப்பு உருகிச் சொட்டும் கறிக்கு நாம் இன்று எலுமிச்சையைப் பிழிகிறோம். வேலூர்ப் பெண்கள் புளிப்பைச் சோற்றிலேயே வைத்துவிட்டார்கள்.

ஆமூரில் தீயில் சுட்டது இல்லை. இரும்புப் பூண் கட்டிய உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டின் கலவையும் தருகிறாள் உழவர் வீட்டுப் பெண். அவளைத் தாண்டிப் பாணன் போய்விட முடியாதபடி வழிமறித்து உண்ண வைக்கிறார்கள்.

கடைசியில் அரசன் வீடு. இங்குதான் நத்தத்தனார் ஒரு வேலை செய்கிறார். வீமன் இயற்றியதாகச் சொல்லப்படும் மடைநூலின் முறை வழுவாமல் சமைத்த பலவகை அடிசில்களை, பொற்கலத்தில் இட்டு, அரசன் தானே நின்று ஊட்டுகிறான். சிறப்புத்தான். ஆனால் என்ன அடிசில்? ஒரு பெயர்கூட இல்லை. மீனவப் பெண்ணின் கருவாட்டுக்குப் பெயர் உண்டு, அதைச் சுட்ட முறை உண்டு, விறகு வந்த வழிகூட உண்டு. எயினர் பெண்ணின் கறிக்கு விலங்கின் பெயர் உண்டு. அரிசிக்கு உலக்கையின் பூண்வரை விவரம் உண்டு. அரசனின் பந்தியோ 'பலவகை' என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. இதைப் புலவரின் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பசித்து நடந்தவனின் நாக்கு எதை நினைவில் வைத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

*

சூடு என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பின்தொடர்வோம். இன்று நமக்குச் சூடு என்றால் வெப்பம்; மிஞ்சினால் சூடு போடுவது, துப்பாக்கிச் சூடு. சுட்டுச் சமைத்த உண்பொருளுக்குச் சூடு என்றொரு பெயர் இருந்தது என்பது வகுப்பறைக்கு வெளியே மறைந்துவிட்டது. அதற்கு ஈடாக இன்று நெடுஞ்சாலை உணவகங்களின் பலகைகளில் கிரில், தந்தூரி, பார்பிக்யூ. பார்பிக்யூ என்ற சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடிகளிடமிருந்து எசுப்பானியர் கற்று ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. குச்சிகளை அடுக்கிய பரண்மேல் இறைச்சியை வைத்துக் கீழே தீயிடுவதை அது குறித்தது. அவர்கள் கரையிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. அந்தச் சொல் கப்பலேறி உலகைச் சுற்றியது. நம்முடைய சொல் பாடநூலுக்குள் அடங்கிவிட்டது.

சுடுவதில் பழந்தமிழர் வேறுபாடுகளை அறிந்திருந்தார்கள். பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து வீட்டில் நெற்சோற்றோடு கிடைப்பது வீட்டுக்கோழியின் வாட்டு. சூடு வேறு, வாட்டு வேறு என்றே எனக்குப் படுகிறது. வாட்டுதல் என்பதை நாம் இன்றும் வெற்றிலைக்கும் வாழையிலைக்கும் சொல்கிறோமே, தீக்கு மேலே பிடித்து மெல்ல நீர் வற்றச் செய்வது. கோழிக்கு அதுதான் சரியான முறை. தணலில் நேரே போட்டால் தோல் கருகும், எலும்பருகே பச்சையாக நிற்கும். அதே நூலில் மீனுக்கு வரும் சொல் சூடு. மீனுக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் தரும் விருந்தில் இறைச்சி இரும்புக் கம்பியில் கோத்துச் சுடப்படுகிறது. காழ் என்பது அந்தக் கம்பி. சுடச்சுட வந்த துண்டை வாயில் ஒருபுறம் தாங்க முடியாமல் மறுபுறம் ஒதுக்கி ஒதுக்கித் தின்கிறான் பொருநன். இரவும் பகலும் கறி தின்று, புன்செய் நிலத்தை உழுத கொழுவைப் போலப் பற்கள் மழுங்கின என்று சொல்லிக்கொள்கிறான். பாடியவர் முடத்தாமக் கண்ணியார். கம்பியில் கோத்த கறி வடக்கிலிருந்து வந்தது என்று நினைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம். யார் யாரிடம் கற்றார் என்று சண்டைக்கு நிற்க வேண்டியதில்லை. தீயும் இரும்பும் பசியும் இருக்கும் இடத்திலெல்லாம் இது தானே தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு மலைபடுகடாத்தில் இருக்கிறது. அது செங்கம் பகுதியை ஆண்ட நன்னன்மேல் பெருங்கௌசிகனார் பாடியது; நமக்கு அண்டை நாடு. மலைவழியில் காட்டுப்பன்றி இறந்து கிடக்கக் கண்டால், உலர்ந்த மூங்கில் உரசி எழுந்த தீயில், புகை நாற்றம் ஏறாதபடி வாட்டி மயிரைப் போக்கித் தின்றுவிட்டுப் போங்கள் என்று வழி சொல்கிறார்கள். புகை நாறாமல் என்பதைக் கவனிக்க வேண்டும். சுடும் கலையின் முதல் பாடம் அது. பச்சை விறகோ சுடரோடு எரியும் தீயோ கறியைக் கருக்கும், புகையைப் பூசும், உள்ளே வேகாது. விறகு எரிந்து முடிந்து, மேலே வெள்ளைச் சாம்பல் படிந்து, உள்ளே சிவந்திருக்கும் தணலில்தான் வெப்பம் ஒரே சீராக நிற்கும். என் மாணவி எழுதிய முதல் விதி இதுவே. பெருங்கௌசிகனாரும் மரக்காணத்து மாணவியும் ஒன்றையே சொல்ல, நடுவில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் அதைத் தேவையற்றது என்றேன்.

புகை சில சமயம் வேண்டியும் இடப்பட்டது. புறநானூற்றின் 14ஆம் பாடலில் கபிலர் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் தன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று விளக்குகிறார். புலால் நாறும் ஊனுக்குப் பூமணம் கமழும் புகையூட்டி, அதைச் சோற்றோடு உண்பதைத் தவிர வேறு உழைப்பே தெரியாத கை இது என்கிறார். கபிலர் அந்தணர், அதே நூலின் 126ஆம் பாடல் அவரை அப்படித்தான் குறிப்பிடுகிறது. அவர் தீப்புகுந்ததாகச் சொல்லும் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு திருக்கோவலூரில் இருக்கிறது. தென்பெண்ணைக்குள் கபிலர்குன்று என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். 2019 நவம்பர் வரை அந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது, இப்போது கள்ளக்குறிச்சியில் சேர்ந்துவிட்டது. எங்கள் மாவட்டத்து மனிதர் என்று உரிமை கொண்டாடுவதை நான் இன்னும் நிறுத்தவில்லை.

*

சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு சாப்பாடும் வருகிறது. அது விருந்து அல்ல. பாணனின் வீட்டு அடுப்பு நெடுநாள் எரியவில்லை. குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள் அவன் மனைவி. அதைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்று நாணி, வாசற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து தின்கிறாள். இதே பாட்டின் முன்பகுதியில் உப்பு வணிகரின் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. இன்றும் மரக்காணத்தில் உப்பளங்கள் வெயிலில் மின்னுகின்றன. உப்பு விளையும் நாட்டில் உப்பில்லாக் கீரை என்பதைப் புலவர் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்த அடைத்த கதவைப் பற்றி எனக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தெரியும். பணியில் சேர்ந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடியபோது, வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது. இரண்டாவது, 'கவுச்சி சமைக்க மாட்டீங்களே?' மாட்டோம் என்றேன். தமிழாசிரியர் என்றதும் அவருக்கு ஐயம் தீர்ந்துவிட்டது போலிருந்தது. நாங்கள் எல்லாம் தின்கிற குடும்பம். சில மாதம் கழித்து அம்மா ஊரிலிருந்து வந்தபோது, செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றி வாளைக் கருவாடு கொண்டுவந்திருந்தார். மாடியில் விளக்கணைந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், பின்புறத் தோட்டத்தில் மூன்று செங்கல் வைத்து, கொட்டாங்கச்சியைக் கொளுத்தித் தணலாக்கினோம். கருவாடு தணலில் விழுந்ததும் எழும் வாசனையைக் கதவடைத்து நிறுத்திவிட முடியுமா? அம்மா முறத்தால் விசிறி விசிறி அதை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். பழைய சோற்றுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் நடுவே அதை அவசர அவசரமாகத் தின்றோம். மறுநாள் காலை எனக்கு முதல் வகுப்பு பத்துப்பாட்டு.

கேட்பவர்களுக்காக அம்மாவின் முறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை யாரும் கோடு கிழிக்கப்போவதில்லை. கருவாட்டின் தலையையும் செதிலையும் நீக்கி, கையளவு துண்டாக்கிக்கொள்ள வேண்டும். உப்பு மிகுதியாக இருந்தால் ஒருமுறை நீரில் அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும்; ஊறவிடக் கூடாது. தணலில் நேரே வைத்து, ஓரம் சுருண்டு பொன்னிறம் வந்ததும் திருப்பிப் போட்டால், மறுபக்கத்துக்கு அதில் பாதி நேரம் போதும். எடுத்ததும் கல்லில் இரண்டு தட்டு. சாம்பலோடு மேலே பூத்த உப்பும் உதிரும். எண்ணெய் இல்லை, மசாலை இல்லை. கேழ்வரகுக் கூழ் இருந்தால் சோறு வேண்டாம். வயல் நண்டையும் இப்படியே ஓட்டோடு தணலில் புதைக்கலாம். ஓடு சிவந்து, மூட்டில் நீர் கொப்பளித்து அடங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். ஆமூர்க்காரர்கள் நண்டைச் சுட்டார்கள் என்று நத்தத்தனார் சொல்லவில்லை. அது என் ஊர்ச் சேர்க்கை.

இதைச் சொல்லும்போது மல்லாட்டையை விட்டுவிட முடியாது. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். மணிலாக்கொட்டை என்பது மருவி மல்லாட்டை ஆயிற்று. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர் மணிலா வழியாக வந்து இந்தச் செம்மண்ணைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை வகைகளின் பெயரில் வரும் டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிப்பதுதான். பிடுங்கிய செடிகளைக் காயோடு குவித்து, காய்ந்த சருகைப் போட்டுக் கொளுத்திவிட்டு, தீ அடங்கியதும் சாம்பலுக்குள் விரலை விட்டுத் துழாவி எடுக்கும் சுட்ட மல்லாட்டையைச் சங்கப் புலவர் எவரும் தின்றிருக்க முடியாது. அவர்களுக்கு அது நட்டம். வேலூர் எயினர் பெண்களின் ஆமானை நாம் தின்ன முடியாது. அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு; இந்தச் சமவெளியில் இன்று அதைக் காணவும் முடியாது. அது நமக்கு நட்டம் என்று சொல்ல மாட்டேன்.

*

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் பாதி வரலாறு எழுதியவனாவேன். இதே மண்ணில்தான் மேல்சித்தாமூர் இருக்கிறது, தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். ஊனை மட்டுமல்ல, மண்ணுக்குள் விளையும் கிழங்கையும் விலக்கி, பொழுது சாய்வதற்குமுன் உண்டு முடிக்கும் மரபு அவர்களுடையது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் ஐந்து, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த இடம் அது என்று தெரிவிக்கிறது. ஊருக்கு ஊர் சுட்ட கறி தந்த நாட்டிலிருந்து ஒருநாள் நடையில் ஒரு மனிதர் 57 நாள் எதையும் உண்ணாமல் பாறைமேல் இருந்திருக்கிறார். அந்தப் பாறைமேல் நின்றபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை உண்மையானது. புலால் மறுத்தலுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதுவும் நம் மரபுதான். வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல.

ஆகவே உண்ணாதவர்கள்மேல் எனக்கு வழக்கு இல்லை. உண்கிறவன் கதவடைத்துக்கொள்வதைப் பற்றியே பேசுகிறேன். சந்திரநந்தி எதையும் ஒளிக்கவில்லை. எயிற்பட்டினத்து நுளைமகளும் ஒளிக்கவில்லை. கடற்கரையில், எல்லோரும் காண, கறுத்த புகை எழ, தீ மூட்டினாள். ஒளித்தவள் பாணன் மனைவி ஒருத்திதான், அதுவும் வறுமையால். அந்த நாணம் வறுமையிலிருந்து உணவுக்கு எப்போது இடம்பெயர்ந்தது என்பதே என் கேள்வி.

இலக்கியத்துக்குள் இந்த மாற்றத்தை ஓரளவு பார்க்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் கண்ணப்பரைப் பாடும்போது, பன்றிக்கறியை அம்பில் கோத்துத் தீயில் காய்ச்சுவதையும், பதம் பார்க்க வாயிலிட்டு அதுக்குவதையும், நல்ல துண்டுகளைத் தேர்ந்து தேக்கிலையில் சேர்ப்பதையும் விரிவாகவே சொல்கிறார். சமையல் அறிவு அப்படியே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துப் பதறச் சிவகோசரியார் என்ற ஒருவர் இப்போது பாட்டுக்குள் வந்துவிட்டார். நத்தத்தனாரின் பாட்டில் அப்படிப் பதறுவதற்கு ஒருவரும் இல்லை. சேக்கிழார் கண்ணப்பர் பக்கமே நிற்கிறார். இறைவனும் அவர் பக்கமே. இருந்தும், சுட்ட கறி அன்பின் எல்லையைக் காட்டும் வியப்பாகிவிட்டது, அன்றாடச் சாப்பாடாக இல்லை. பதினான்காம் நூற்றாண்டளவில் வாழ்ந்த நச்சினார்க்கினியர் பாரத்துவாச கோத்திரத்து அந்தணர். பத்துப்பாட்டுக்கு அவர் எழுதிய உரையில் ஊன் வரும் இடங்களில் முகச்சுளிப்பு இல்லை. 1889இல் அந்த உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் எதையும் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. மழுப்பியவர்கள் பிறகு வந்த நாங்கள், வகுப்பறைக்காரர்கள். 'பல்வகை உணவுகள் அளித்து உபசரித்தனர்' என்று ஒரே வாக்கியத்தில் எயிற்பட்டினத்தையும் வேலூரையும் கடந்து அரண்மனைக்குப் போய்விடுவோம். அரசன் விருந்துக்கு நத்தத்தனார் செய்ததை நாங்கள் ஏழைகளின் விருந்துக்குச் செய்தோம்.

*

அந்த மாணவி படித்து முடித்துப் போய்விட்டார். எங்கிருக்கிறார் என்று தெரியாது. இப்போதெல்லாம் சிறுபாணாற்றுப்படை நடத்தும்போது, உங்கள் வீட்டில் தீயில் நேரே சுட்டுத் தின்பவை எவை என்று முதலில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குகிறேன். முதல் முறை கேட்டபோது வகுப்பு கத்தரிக்காய், சோளக்கதிர், பனங்கிழங்கு என்று நல்லபிள்ளையாக எழுதியது. விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பனம்பழத்தைச் சுட்டுத் தின்பதை எழுதினார்கள். கருவாடு நான்காவது தாளில்தான் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் மற்றத் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு பலர் மேலும் சில வரிகள் சேர்த்தார்கள்.

சென்ற ஆண்டு, கடைசி வரிசையில் இருந்த ஓர் இருளர் மாணவர் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்த வயலில் வளைக்குள் பானையால் புகையூதி எலி பிடிப்பதையும், அது சேர்த்துவைத்த நெல்லை வளையிலிருந்து வாரிக்கொள்வதையும், எலியை அங்கேயே வைக்கோல் தீயில் வாட்டி மயிர்போக்கிப் பிறகு தணலில் சுடுவதையும் இந்தப் பக்கத்து வயல்களில் பார்த்திருக்கிறேன். அருகில் போய், ஏன் எழுதவில்லை என்றேன். குரலைத் தாழ்த்தி, 'ஐயா, எலி எழுதலாங்களா?' என்று கேட்டார்.

நற்றிணையில் பெருந்தேவனாரின் பாட்டு ஒன்று உண்டு. தலைவன் வரும் இரவில் அலறி ஊரை எழுப்பிவிடாதே என்று தோழி கூகையிடம் கெஞ்சுகிறாள். அப்படி அலறாதிருந்தால் அதற்கு நெய்யில் சமைத்த ஆட்டுக்கறிச் சோறும் எலியின் சூடும் நிறையத் தருவதாக வாக்களிக்கிறாள். ஆட்டுக்கறியும் எலிச்சூடும் ஒரே படையலில், பக்கத்துப் பக்கத்தில்.

கரும்பலகைக்குப் போய் 'நற்றிணை 83' என்று எழுதிவிட்டு, எலி எழுதலாம் என்றேன். அவர் எழுதத் தொடங்கினார். மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்.